இன்று கையில் எந்தக் கடிகாரம்?

பெங்களூரில் வாழும் நடுத்தர வயது அன்பர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அதிகாலையில் நீராடி முடித்ததும் அவர் அலமாரியைத் திறக்கிறார். உள்ளே வெல்வெட்டுத் துணி விரித்த ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் பன்னிரண்டு கைக்கடிகாரங்கள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒன்றை எடுக்கிறார்; அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறார். நேற்று கட்டியது எது, அதற்கு முந்தைய நாள் கட்டியது எது என்று எண்ணிப் பார்க்கிறார். இறுதியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சாவி கொடுக்கிறார். கைப்பேசியைப் பார்த்துச் சரியான நேரத்தை அதில் வைக்கிறார். பிறகு மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, சட்டைக் கையைச் சற்று மேலே தள்ளி, ஒரு படம் எடுத்துத் தம்மைப் போன்ற ஆர்வலர்களுக்கு அனுப்புகிறார்: ‘இன்று என் கையில் இது.’ சிறிது நேரத்தில் புனேயிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் தில்லியிலிருந்தும் அவரவர் மணிக்கட்டின் படங்கள் பதிலாக வந்து சேர்கின்றன.

இத்தகைய ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ‘இன்று எதை அணிந்திருக்கிறீர்கள்?’ என்பதே அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் காலை வணக்கம். இதனால் யாருக்கும் தீங்கு இல்லை. அலுவல் நெருக்கடிக்கு இடையே மனத்திற்கு ஒரு சிறு இளைப்பாறுதல். முகமறியாத மனிதர்களோடு ஒரு தோழமை. அவ்வளவே என்று இதைக் கடந்து சென்றுவிடலாம்.

ஆயினும் அந்தக் காலைக் காட்சியில் ஊன்றி நோக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்த அன்பர் மணி பார்த்தது கைப்பேசியில். கடிகாரம் அவருக்கு நேரம் சொல்லவில்லை. அவர்தாம் கடிகாரத்திற்கு நேரம் சொல்லிக் கொடுத்தார். எந்தப் பணிக்காக ஒரு பொருள் பிறந்ததோ அந்தப் பணி அதனிடமிருந்து நீங்கிய பின்னும் மனிதன் அப்பொருளை விரும்புகிறான். முன்னிலும் அதிகமாகவே விரும்புகிறான். இந்த விருப்பம் எத்தகையது? அழகுணர்வா, நன்றியுணர்வா, பற்றா, தற்பெருமையா? பொருளை எவ்வாறு விரும்பினால் அவ்விருப்பம் மனிதனை உயர்த்தும்? எவ்வாறு விரும்பினால் அவனைச் சிறைப்படுத்தும்? கடிகாரத்தை முன்னிட்டு எழும் இக்கேள்விகள் படிக்கப்படாமல் அடுக்கி வைத்த நூல்களுக்கும் உடுத்தப்படாமல் மடித்து வைத்த பட்டுப் புடவைகளுக்கும் கூடப் பொருந்துவனவே.

கடலில் பிறந்த துல்லியம்

இவ்வினாவுக்கு விடை தேடுமுன், துல்லியமான கடிகாரம் எதற்காகத் தோன்றியது என்பதை அறிந்துகொள்வது நலம்.

1707ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதிப் பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். தாங்கள் கடலில் எங்கே இருக்கிறோம் என்பதைக் கப்பலைச் செலுத்தியவர்கள் தவறாகக் கணித்திருந்தனர். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய அக்காலத்தில் நம்பத்தக்க வழி இல்லை.

வழி கொள்கையளவில் எளியதுதான். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால் போதும். கதிரவன் உச்சிக்கு வரும்போது உள்ளூர் நண்பகல் தெரிந்துவிடும். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு கப்பல் எவ்வளவு தொலைவு கிழக்கே அல்லது மேற்கே வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கடிகாரம் 4 நிமிடம் பிழைபட்டால் கணக்கு ஒரு பாகை பிழைபடும். நிலநடுக்கோட்டின் அருகே ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அலையிலும் ஈரத்திலும் வெப்பத்திலும் தடுமாறாத கடிகாரத்தைச் செய்வது மனிதனால் ஆகாது என்றே அறிஞர் பலர் கருதினர்.

1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இச்சிக்கலைத் தீர்ப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. தச்சுத் தொழில் செய்துவந்த ஜான் ஹாரிசன் என்பவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரே முயற்சிக்கு ஒப்படைத்தார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரிய கடிகாரங்களைச் செய்து, அவற்றின் குறைகளைத் தாமே கண்டு, 1759இல் அவற்றைவிட மிகச் சிறிய நான்காவது கடிகாரத்தை முடித்தார். 1761இல் அது ஜமைக்காவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டது. அந்தக் கடற்பயணத்தின் முடிவில் அது காட்டிய பிழை ஏறத்தாழ 5 வினாடி மட்டுமே.

இன்று ஒருவர் தம் கடிகாரம் நாளுக்கு இரண்டு வினாடி மட்டுமே பிசகுகிறது என்று மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ளும்போது, அந்த மகிழ்ச்சியின் வேர் இங்கே இருக்கிறது. துல்லியம் என்பது ஒரு காலத்தில் யாரோ ஒரு மாலுமி தன் வீடு திரும்புவதற்கான உறுதியாக இருந்தது.

ஒரு தேசத்தின் கைக்கடிகாரம்

இந்தியாவில் கைக்கடிகாரத்தின் கதை வேறொரு வகையில் நெஞ்சைத் தொடுவது. விடுதலை பெற்ற தொடக்க ஆண்டுகளில் இங்குக் கைக்கடிகாரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பொருளாகவே இருந்தது. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்குச் செய்யப்பட்ட முதல் தொகுதிக் கடிகாரங்களைப் பிரதமர் ஜவஹர்லால் நேரு வெளியிட்டார். ‘ஜனதா’, ‘பைலட்’, ‘சோனா’, ‘காஞ்சன்’ என்ற பெயர்கள் வீட்டுப் பெயர்களாயின. தேவநாகரி எண்கள் கொண்ட முகப்புகளும் வந்தன. பார்வையற்றோர் விரலால் தடவி மணி அறியும் பிரெய்ல் கடிகாரத்தையும் அந்நிறுவனம் செய்தது. ‘தேசத்தின் இதயத்துடிப்பு’ என்று அது தன்னை அழைத்துக்கொண்டது.

அந்நாளில் பல குடும்பங்களில் ஒரே ஒரு கைக்கடிகாரம்தான் இருந்தது. பள்ளியிறுதித் தேர்வில் தேறிய மகனுக்கோ, மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கோ, பணி ஓய்வு பெறும் ஆசிரியருக்கோ அது வழங்கப்படும். பெற்றவர் அதை வாழ்நாள் முழுதும் கட்டுவார். காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பது ஒரு நியமம் போல நடக்கும். வார் அறுந்தால் புது வார் போடுவார்கள். கண்ணாடி கீறினால் மாற்றுவார்கள். கடிகாரத்தை மாற்றுவது பற்றி யாரும் நினைத்ததில்லை.

பெங்களூர் அன்பரின் பெட்டியில் ஓரமாக அப்படி ஒரு ‘ஜனதா’ இருப்பதாகக் கொள்ளலாம். அது அவருடைய தந்தையுடையது. பள்ளி ஆசிரியரான தந்தை முப்பது ஆண்டுகள் அது ஒன்றையே கட்டினார். மகனிடம் இருப்பவை பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஆண்டில் ஏறத்தாழ 30 நாட்கள் அவருடைய கையில் இருக்கிறது. எஞ்சிய 335 நாட்கள் பெட்டியின் இருட்டில் நின்றுபோய்க் கிடக்கிறது. தந்தை தம் கடிகாரத்தின் விலை எவ்வளவு, அதனுள் எத்தனை கற்கள் என்று யாரிடமும் பேசியதில்லை. ஆனால் அவர் வகுப்பறையில் நுழையும் நேரத்தைக் கொண்டு ஊரார் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்ற பெயர் அவருக்கு இருந்தது.

தேவை முடிந்த இடத்தில்

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு கடிகார உலகமே மாறியது. சாவி கொடுக்கும் ஒரு ‘ஜனதா’வின் சமநிலைச் சக்கரம் வினாடிக்கு 5 முறை, அதாவது ஒரு நாளில் 4,32,000 முறை அசைகிறது. இன்றைய சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகமோ ஒரே வினாடியில் 32,768 முறை அதிர்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரிக் கடிகாரம், பல லட்ச ரூபாய் மதிப்புள்ள சாவிக் கடிகாரத்தைக் காட்டிலும் சரியாக நேரம் காட்டத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலை நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்கள் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வேலை இழந்தன. இந்தியாவிலும் 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஓசூர் ஆலையிலிருந்து வந்த குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைக் கைப்பற்றின. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

பயன் ஒன்றே பொருளின் மதிப்பு என்றால், சாவிக் கடிகாரம் அத்துடன் மறைந்திருக்க வேண்டும். அது மறையவில்லை. ஆலை மூடப்படும் செய்தி பரவிய நாட்களில்தான் பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடி அலைந்தவர்கள் பெருகினார்கள்.

இதை வெறும் மோகம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. சாவிக் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்ப்பவர் அங்கே காண்பது மனித அறிவின் பொறுமை. முறுக்கிய சுருள்வில் ஒன்று மெல்ல விரிகிறது. அதன் விசை சிறு சிறு பற்சக்கரங்களின் வழியே சென்று, மயிரிழை போன்ற மற்றொரு சுருளால் கட்டுப்படுத்தப்பட்டு, சம அளவான துடிப்புகளாகப் பிரிகிறது. உராய்வைக் குறைக்க அச்சுகளின் முனைகளில் செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. முகப்பில் ‘17 ஜூவல்’ என்று அச்சிடப்படுவது அவற்றைப் பற்றியே. உள்ளே இருக்கும் கற்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. யாரும் பார்க்காத இடத்தில் தேய்மானத்தைத் தாங்குபவை. இதைக் கண்டு வியப்பவர் தச்சர் ஹாரிசனின் உழைப்புக்கும், பெயர் தெரியாத எத்தனையோ தொழிலாளர்களின் கைத்திறனுக்கும் மரியாதை செலுத்துகிறார். நகரங்களில் கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு வேலை செய்யும் முதிய பழுதுபார்ப்போர் சிலரின் வாழ்வு இன்னும் நடப்பதற்கு இந்த ஆர்வலர்களும் ஒரு காரணம். நன்றாகச் செய்யப்பட்ட ஒன்றை நேசிப்பது குற்றமாகாது. அதை அலட்சியமாகக் கையாளுவதே செய்தவருக்கு இழைக்கும் அவமதிப்பு.

‘இதுவே கடைசி’

அப்படியானால் தவறு எங்கே தொடங்குகிறது? ஆர்வலர்களே தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் ஒரு வாசகத்தில் அதற்கு விடை இருக்கிறது: ‘இதுவே கடைசிக் கடிகாரம், இதற்குமேல் வாங்க மாட்டேன்.’ இதைச் சொன்னவரும் நம்புவதில்லை, கேட்டவரும் நம்புவதில்லை. வாங்கும் வரை ஒரு கடிகாரம் இரவில் கனவாக வருகிறது. வாங்கிய முதல் வாரம் நொடிக்கொரு முறை அதைப் பார்க்கச் சொல்கிறது. மூன்றாம் மாதம் அது பன்னிரண்டில் ஒன்றாகிவிடுகிறது. அப்போது பதின்மூன்றாவது கண் முன்னே நிற்கிறது. வாங்கும் நேரத்தில் கிடைத்த இன்பம் கடிகாரத்திலிருந்து வந்ததா? வேண்டும் வேண்டும் என்று அரற்றிக்கொண்டிருந்த மனம் சிறிது நேரம் அடங்கியதால் வந்ததா? கடிகாரத்திலிருந்து வந்திருந்தால், கடிகாரம் இருக்கும் வரை அது நீடித்திருக்க வேண்டும். நீடிக்காததால், அது மனம் அடங்கிய அமைதியின் இன்பமே என்று தெளியலாம். அந்த அமைதியை அடைய வேறு வழி இல்லையா என்று வினவுபவரே பெட்டியின் பிடியிலிருந்து விடுபடத் தொடங்குகிறார்.

பொருள் பெருகும்போது இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. கையசைவாலேயே தானாக முறுக்கேறும் கடிகாரங்கள் உண்டு. அணிபவர் நடக்க, எழுத, கை வீச, அதற்கு உயிர் கிடைக்கிறது. கழற்றி வைத்தால் அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு நாட்களுக்குள் நின்றுவிடும். பல கடிகாரங்களை வைத்திருப்பவரால் எல்லாவற்றையும் அணிய இயலாது. ஆகவே அவற்றை நிற்காமல் காப்பதற்கென்றே மின்சாரத்தில் சுழலும் பெட்டிகள் விற்கப்படுகின்றன. மனிதனுக்காகக் கடிகாரம் செய்யப்பட்டது. இப்போது மனிதக் கையைப் போல ஆடிக்காட்ட ஓர் இயந்திரம் கடிகாரத்துக்காகச் செய்யப்பட்டிருக்கிறது. காப்பீடு, பூட்டு, திருட்டு பற்றிய அச்சம், ஈரம் பற்றிய கவலை என்று உடைமையின் பணிவிடை நீண்டுகொண்டே போகிறது. யார் எசமானன், யார் ஏவலாள் என்பது ஒருநாள் தெளிவில்லாமல் போய்விடுகிறது.

பகிர்வதும் காட்டுவதும்

‘இன்று என் கையில் இது’ என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

ஒன்று பகிர்தல். ஒருவர் பழைய கடிகாரம் ஒன்றைக் காட்டி, அதன் முள் எப்படிப்பட்டது, எந்த ஊர்ப் பழுதுபார்ப்பவர் அதைச் சீராக்கினார் என்று சொல்கிறார். மற்றொருவர் பழைய முகப்பின்மேல் புது வண்ணம் பூசி அசல் என்று விற்பவர்களிடம் ஏமாறாதிருக்கப் புதியவருக்கு வழி சொல்கிறார். தந்தை இறந்த நாளில் அவருடைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் அதைச் சொல்லும்போது, மற்றவர்கள் விலையும் மாதிரியும் பேசுவதை நிறுத்திவிட்டு மௌனமாகத் துயரில் பங்கு கொள்கிறார்கள். கடிகாரம் இங்கே ஒரு பாலம்.

மற்றொன்று காட்டுதல். இங்கே கேட்பவர் ஒரு கண்ணாடி மட்டுமே. அதில் தம்மையே பார்த்துக்கொள்வதே நோக்கம். கடைகளிலும் விளம்பரங்களிலும் கடிகார முட்கள் பெரும்பாலும் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். முட்கள் சமமாக விரிந்து நிறுவனத்தின் பெயரை மறைக்காமல் இருக்கவும், பார்வைக்கு இனிமையாக இருக்கவும் அவ்வாறு வைக்கிறார்கள். அழகாகத் தோன்றுவதற்காக உண்மையான நேரத்தை விட்டுக்கொடுத்த கடிகாரம் அது. பிறர் பார்வைக்கென்றே வாழத் தொடங்கும் மனிதனும் அந்தப் பத்து மணி பத்து நிமிடத்திலேயே நின்றுவிடுகிறான். அவனுடைய வீட்டில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முகப்பில் மட்டும் அது மாறுவதில்லை.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. பிறர் தம்முடையதைக் காட்டிலும் சிறந்த ஒன்றைக் காட்டும்போது உள்ளம் மலர்கிறதா, சுருங்குகிறதா? மலர்ந்தால் அது பகிர்வு. சுருங்கினால், அதுவரை நடந்ததும் பகிர்வன்று. இந்தச் சோதனையை வேறு யாரும் செய்ய முடியாது. அவரவர் தனிமையில் செய்துகொள்ள வேண்டியது.

உடைமையா, பொறுப்பா?

சுவிட்சர்லாந்தின் படெக் பிலிப் நிறுவனம் 1996 முதல் நடத்திவரும் விளம்பரத்தின் கருத்து இது: இந்தக் கடிகாரத்தை வாங்குபவர் உண்மையில் அதற்கு உரிமையாளர் ஆவதில்லை, அடுத்த தலைமுறைக்காக அதைப் பாதுகாக்கிறார். மிக விலையுயர்ந்த பொருளை விற்பதற்குப் பற்றின்மையின் மொழியே கடன் வாங்கப்பட்டிருப்பது வியப்புக்குரியது. செல்வத்தை உடையவர் தம்மை அதன் தர்மகர்த்தாவாகக் கருத வேண்டும் என்றார் காந்தியடிகள். ஆனால் அவர் கூறிய தர்மகர்த்தா, தம் மகனுக்காக மட்டும் செல்வத்தைக் காப்பவர் அல்லர். தேவையுள்ள எவருக்கும் அதில் உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்பவர்.

இவ்வேறுபாட்டை ஓர் உண்மை நிகழ்ச்சி விளக்கும். அமெரிக்கத் திரைப்பட நடிகர் பால் நியூமன் கார்ப் பந்தயத்திலும் ஈடுபட்டவர். அவருடைய மனைவியும் நடிகையுமான ஜோன் உட்வர்ட் அவருக்கு ஒரு ரோலெக்ஸ் கடிகாரத்தை வாங்கி, ‘கவனமாக ஓட்டுங்கள் - நான்’ என்ற பொருளில் அதன் பின்புறத்தில் பொறித்துக் கொடுத்தார். 1984இல் ஒருநாள் நியூமன், தம் மகளின் நண்பரான இளைஞர் ஒருவரிடம் மணி கேட்டார். தம்மிடம் கடிகாரம் இல்லை என்றார் இளைஞர். நியூமன் தம் கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்து, நாள்தோறும் மறவாமல் சாவி கொடுத்தால் இது நன்றாக நேரம் காட்டும் என்றார். அந்த இளைஞரும் அதன் விலைமதிப்பு அறியாமலே பல ஆண்டுகள் அதைக் கட்டிக்கொண்டு திரிந்தார். 2017 அக்டோபரில் அக்கடிகாரம் நியூயார்க்கில் ஏலம் விடப்பட்டபோது, ஏறத்தாழ 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோனது.

அந்தக் கடிகாரத்துக்கு இரண்டு மதிப்புகள் கிடைத்தன. ஏல அரங்கில் கிடைத்தது ஒன்று. அதற்கு முன், கடிகாரம் இல்லாத ஓர் இளைஞனுக்கு ஒருவர் அதைத் தயக்கமின்றிக் கழற்றிக் கொடுத்த நொடியில் கிடைத்தது மற்றொன்று. முதலாவது நாளிதழ்களில் வந்தது. ஆனால் இரண்டாவது நிகழாமல் போயிருந்தால், அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்வதற்கு விலையைத் தவிர வேறு கதையே இருந்திருக்காது.

காலத்துக்குக் காவல்

காந்தியடிகளின் உடைமைகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று இடுப்பில் தொங்கிய பைக்கடிகாரம். தம்முடையது என்று வைத்துக்கொள்வதை இயன்றவரை குறைத்த ஒருவர் கடிகாரத்தை மட்டும் ஏன் விடவில்லை? அது அவருக்கு அணியாக இருக்கவில்லை. பிறருக்குக் கொடுத்த வாக்கைக் காக்கும் கருவியாக இருந்தது. குறித்த நேரத்துக்குப் பிந்தி வருவது காத்திருப்பவரின் நேரத்தைத் திருடுவது போன்றது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

1948ஆம் ஆண்டு ஜனவரி 30. தில்லி பிர்லா மாளிகையில் சர்தார் படேலுடன் நடந்த உரையாடல் நீண்டுவிட்டது. மாலை 5 மணிப் பிரார்த்தனைக்கு அடிகள் புறப்படும்போது ஏறத்தாழ 10 நிமிடம் தாமதம். மனுவும் ஆபாவும் இருபுறமும் தாங்கி வர, அவர் விரைந்து நடந்தார். இன்று பாபு தம் கடிகாரத்தைத் திரும்பியே பார்க்கவில்லை, அது புறக்கணிக்கப்பட்டதாக வருந்தும் என்று ஆபா விளையாட்டாகச் சொன்னார். நேரம் காட்ட நீங்கள் இருவரும் இருக்கும்போது அது எதற்கு என்று அவரும் விளையாட்டாகவே பதில் சொன்னார். உடனே அவருடைய குரல் மாறியது. தாமதத்தைத் தம்மால் பொறுக்க முடியவில்லை என்றார். கடவுளே எதிரில் வந்து நின்றாலும், நோயாளிக்கு மருந்து கொடுக்க வேண்டிய நேரம் வந்தால் செவிலி தயங்கக் கூடாது. தயங்கினால் அந்த உயிர் போய்விடும் என்று எடுத்துரைத்தார். சில நிமிடங்களில், 5 மணி 17 நிமிடத்திற்கு, அவர் சுடப்பட்டார். அவருடைய கடைசி உரையாடல்களில் ஒன்று, நேரம் தவறியதற்கான வருத்தமாக அமைந்தது.

2009இல் காந்தியடிகளுடையதான ஒரு பைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் ஆகியவற்றுடன் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்து ஏறத்தாழ 18 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்தக் கடிகாரத்தைப் பணம் உள்ளவர் வாங்கிவிடலாம். 10 நிமிடத் தாமதத்திற்காக வருந்திய அந்த மனத்தை எந்த ஏலத்திலும் வாங்க இயலாது. ஆனால் கையில் ஒரு கடிகாரமும் இல்லாத எவரும் அதைப் பெறலாம்.

காத்திருப்பவர் யார்?

மீண்டும் பெங்களூர் அன்பரிடம் திரும்பலாம். மாலையில் வருவதாக ஊரின் மறுகோடியில் வாழும் தம் வயது முதிர்ந்த தாய்க்கு அவர் சொல்லியிருக்கிறார் என்று கொள்வோர் கொள்ளலாம். ஆறு மணிக்கு வருவான் என்று தாய் ஐந்தரைக்கே வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டார். சுவரில் தொங்கும் பழைய கடிகாரம் ஏழரை காட்டுகிறது. மகனுடைய கையில் இருப்பதோ நாளுக்கு இரண்டே வினாடி பிசகும் கடிகாரம். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிழைபட்டது கடிகாரம் அன்று.

அவர் தம் பன்னிரண்டு கடிகாரங்களையும் துறக்க வேண்டும் என்று அறம் கட்டாயப்படுத்துவதில்லை. அழகிய ஒன்றைப் பார்த்து மகிழ்வதை அது தடுப்பதும் இல்லை. அது கேட்பது வேறு. அந்த நேசம் பொருளோடு நின்றுவிட்டதா, பொருள் சுட்டும் திசையில் நடக்கிறதா? கடிகாரத்தை நேசிப்பவர் நேரத்தை நேசிக்க வேண்டும். நேரத்தை நேசிப்பவர் அந்த நேரத்தில் தமக்காகக் காத்திருக்கும் மனிதரை நேசிக்க வேண்டும். ஹாரிசனின் கடிகாரம் மாலுமிக்காக ஓடியது. ஆசிரியரின் ‘ஜனதா’ மாணவர்களுக்காக ஓடியது. யாருக்காகவும் ஓடாத கடிகாரம், சுழலும் பெட்டிக்குள் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும், நின்றுபோன கடிகாரமே.

செய்யக்கூடியவை எளியவை. கைப்பேசிக்கு இடமில்லாத தேர்வுக்கூடங்கள் சிலவற்றில் சாதாரணக் கைக்கடிகாரத்திற்கு இடம் உண்டு. பெட்டியில் உறங்கும் பன்னிரண்டில் ஒன்று, கடிகாரம் இல்லாமல் தேர்வுக்குச் செல்லும் அண்டை வீட்டு மாணவி ஒருத்தியின் மணிக்கட்டுக்குப் போகலாம். தந்தையின் ‘ஜனதா’ படம் எடுக்கப்படாமலே ஒரு நாள் கையில் ஏறலாம். அதைக் கட்டிக்கொண்டவர் ஆறு மணிக்குத் தாயின் வாசலில் நிற்கலாம்.

‘இன்று கையில் எந்தக் கடிகாரம்?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலையும் ஒரு விடை கிடைக்கும். ‘இன்று யார் காத்திருக்கிறார்?’ என்ற கேள்வியையும் அதனுடன் சேர்த்துக் கேட்பவருக்கு, எந்தக் கடிகாரத்தைக் கட்டினாலும் அது நல்ல கடிகாரமாகவே அமையும்.